பீடியை நிறுத்தக் கொடுத்த மாத்திரை

அழகையா எனக்குச் சகலை. அவர் மூத்தவள் இராக்கம்மாவைக் கட்டினார், நான் இளையவள் கருப்பம்மாவைக் கட்டினேன். இரண்டு பேரில் யார் கொடுத்து வைத்தவர் என்று லயத்து ஆட்கள் கேலி பேசுவார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். கருப்பம்மாவுக்குப் பாம்புக் காது, லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கோ பலகைச் சுவர்.

ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டம். அழகையாவுக்கு ஸ்டோரில் வேலை. நாங்கள் ஸ்டோர் என்று சொல்வது தேயிலை ஆலையை. கொழுந்தை அரைக்கிற ரோதைக்குப் பக்கத்திலேயே நின்று தலை நரைத்த மனுஷன். அநேகமாக ராத்திரி வேலைதான். காலையில் நாங்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும்போது அவர் எதிரே வருவார். தலையெல்லாம் தூள், உதட்டில் பீடி. ஸ்டோருக்குள் பீடி பற்ற வைத்தால் தேயிலையில் வாடை ஏறிவிடும் என்று டீமேக்கர் ஆளையே தூக்கி வெளியே போட்டுவிடுவார். அதனால் ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் மனுஷன் காலையில் வட்டியும் முதலுமாகக் குடித்துத் தீர்ப்பார். இராக்கம்மா இருந்த காலத்தில் காம்பிராவுக்குள் அந்தப் புகை நுழைய முடியாது. இஸ்தோப்புத் திண்ணையின் கடைசி மூலையில் குந்தி, மழைச் சாரலில் நனைந்துகொண்டுதான் குடிப்பார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மழையில் இராக்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து லொறியில் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அழகையா கட்டிலை விட்டு நகரவில்லை. சோறு கொண்டுபோனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்பார். ஒரு பகல் அவள் கொஞ்சம் அயர்ந்து தூங்கினாள். காய்ச்சலும் விட்ட மாதிரி இருந்தது. மனுஷன் கேட்டுக்கு வெளியே போய் ஒரே ஒரு பீடி குடித்துவிட்டுத் திரும்பினார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. சிங்கள நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஒங்களைத்தான் கேட்டாங்க. ஏதோ சொல்லணும்னு சொன்னாங்க" என்றாள்.

என்ன சொல்ல இருந்தாள் என்று மிஸ்ஸிக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவிக்கும் தெரியவில்லை. மகளைப் பற்றியா, கோயில் நேர்த்திக் கடனா, இல்லை வெறுமனே தண்ணீர்தான் கேட்டாளா? கருமாதி முடிந்த பிறகும் அழகையா அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? "நல்லதாத்தான் இருக்கும்ணே" என்பேன். அவர் என்னை முறைப்பார். அந்த ஒரு பீடியால் வந்த வினை, மனுஷன் அன்றோடு பீடியை வீசி எறிவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தார். இஸ்தோப்பு மூலையை விட்டுக் காம்பிராவுக்குள்ளேயே வந்துவிட்டார். தடுக்கத்தான் ஆள் இல்லையே.

மகள் விஜயலெட்சுமியைக் கருப்பம்மாதான் வளர்த்தாள். அவள் படித்து, கொழும்பில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். இரண்டாயிரத்து எட்டில் அழகையாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஸ்டோர்ப் படியில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பதுளை டவுனில் சாயங்காலம் நோயாளி பார்க்கிற சிவசுப்பிரமணியம் டாக்டரிடம் கூட்டிப்போனோம். யாழ்ப்பாணத்து மனுஷர், பேச்சில் சிக்கனம், சிரிப்பில் அதைவிடச் சிக்கனம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பீடியை விடுறியளோ, இல்லாட்டி மகளைக் கூப்பிட்டு இப்பவே எல்லாம் சொல்லிவைக்கிறியளோ?" என்று கேட்டார்.

அழகையாவும் முயற்சி பண்ணாமல் இல்லை. கராம்பு மென்றார், வெற்றிலை போட்டார், மாரியம்மனுக்குச் சத்தியம் பண்ணினார். சத்தியம் ஒரு கிழமை தாங்கியது, அதுவே பெரிது. அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு புது மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அதைக் குடித்தால் பீடி ஆசை தானாக விட்டுப்போகுமாம். பதுளையில் கிடைக்காது. மகள் கொழும்பில் வாங்கி அனுப்பினாள். "கொஞ்சம் வயித்தைப் பிரட்டும், பயப்பிடாதேங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணியோட குடியுங்கோ" என்றார் டாக்டர்.

மாத்திரை வேலை செய்தது. அதில் குறை சொல்ல முடியாது. சீக்கிரமே பீடி வைக்கோலைக் கொளுத்தின மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். அப்புறம் பீடிக் கட்டையே தொடவில்லை. இருமல் குறைந்தது. படியில் ஏறினார். கருப்பம்மா டாக்டருக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்தாள்.

அப்போதுதான் ஒரு பகல், ராத்திரி வேலை முடிந்து படுத்து எழுந்தவர், முகம் கூடக் கழுவாமல் என்னிடம் வந்தார். கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"சகல, அவ வந்தா" என்றார்.

"எவ வந்தா?"

"ஒங்க மதினிதான். பீலிக்கரையில தண்ணிக் கொடத்தோட நிக்கிறா. தலையெல்லாம் ஈரம். என்னையப் பாத்ததும் கொடத்தக் கீழ வச்சிட்டு முகத்தத் தொடைக்கிறா. ஏதோ சொல்ல வாயெடுத்தா சகல. முழிச்சிட்டேன்."

செத்துப் பன்னிரண்டு வருஷம். அதுவரை ஒரு தரம்கூட அவள் கனவில் வந்ததில்லை. அதுவே அவருக்குப் பெரிய மனக்குறை. கோபத்தில் போயிட்டா, அதனாலதான் வரமாட்டேங்கிறா என்று அடிக்கடி சொல்வார். இப்போது தினமும் வந்தாள். சாதாரணக் கனவு மாதிரிக் கலங்கலாக இல்லையாம். குடத்து நெளிவு தெரிந்ததாம், காதோரத்து நரைமுடி தெரிந்ததாம், அவள் மேல் அடிக்கிற சவர்க்கார வாசம்கூட வந்ததாம். ஒவ்வொரு தரமும் குடத்தை வைப்பாள், முகத்தைத் துடைப்பாள், வாயெடுப்பாள். அதோடு கனவு அறுந்துவிடும்.

லயத்தில் இது பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். எங்களில் ஒரு கணக்கு உண்டு. செத்தவர்கள் கனவில் ஏதாவது கொடுத்தால் நல்லது, கேட்டால் கெட்டது, கூப்பிட்டால் போகவே கூடாது. இவள் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வாயெடுப்பதோடு நிற்கிறாள். இதற்கு யாரிடமும் அர்த்தம் இல்லை.

கருப்பம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல். கூடப்பிறந்தவள் அவள். செத்த அக்காவின் பிள்ளையை வளர்த்தவளும் அவள். "எம்பக்கம் ஒருநா திரும்பியாச்சும் பாத்தாளா? அவளுக்கு எப்பவும் புருசன்தான்" என்று மூக்கைச் சிந்துவாள். ஆனாலும் தினமும் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்ததும் கூடையை இறக்காமலே அழகையாவின் வாசலில் போய் நிற்பாள். "மச்சான், இன்னிக்கு என்னா சேலை கட்டியிருந்தா? என்னையக் கேட்டாளா?" என்பாள். எனக்கும் அவளுக்குமிடையே அவ்வளவு ஆசையான பேச்சு நடந்து வருஷக் கணக்காகிறது.

முதலில் மனுஷன் கல்யாண மாப்பிள்ளை மாதிரித்தான் இருந்தார். வேலை முடிந்து வந்ததும் குளித்து, தலை சீவி, துவைத்த சாரம் கட்டிக்கொண்டு படுப்பார். "தூங்கத்தான போறீங்க, எதுக்குண்ணே சென்டு?" என்று நானே கேலி பண்ணியிருக்கிறேன். கொஞ்ச நாளில் கேலி பண்ண முடியாமல் போயிற்று. தூங்காத நேரம் எல்லாம் அவருக்குப் பாரமாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தார். ஒருநாள் கருப்பம்மா கொடுத்தனுப்பிய சோற்றுத் தட்டை முற்றத்தில் வீசினார். அழகையா தட்டை வீசுகிற ஆள் இல்லை. ரோதைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியும், வீட்டில் குரலை உயர்த்தாத மனுஷன். பழைய துக்கம் திரும்பி வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மாத்திரையை ஒருத்தரும் நினைக்கவில்லை. அது நெஞ்சுக்கும் பீடிக்கும் கொடுத்தது, கனவு வேறு இலாகா.

அப்புறம்தான் பாறையில் அது நடந்தது. பட்டப்பகல், பெண்கள் மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகையா கலைந்த தலையும் சாரமுமாய் தேயிலை நிரைகளுக்கு நடுவே ஏறிப்போகிறார். "எங்கண்ணே போறீங்க?" என்று கேட்டவளைத் தாண்டிப் போகிறார். ஓடை விழுகிற பாறை விளிம்பில் போய் நின்று கீழே பார்க்கிறார். கருப்பம்மா கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்திருக்கிறாள். இரண்டு பேரும் தேயிலைச் செடிக்குள் விழுந்தார்கள்.

"விடு புள்ள. அவ கீழதான் நிக்கிறா. கிட்டப் போனா கேக்கும்" என்றாராம்.

அன்று சாயங்காலம் லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், இனி விடமாட்டாள், குறை இருக்கிறது, படையல் போட வேண்டும் என்று முடிவாயிற்று. இராக்கம்மாவுக்குப் பிடித்த ரொட்டி, கட்டச் சம்பல், பாலும் சீனியும் போடாத சாயத்தண்ணி, புதுச் சேலை எல்லாம் வைத்தோம். ஸ்டோரைக் காக்கிற ரோதைமுனிக்கும் ஒரு சேவல் அறுத்தோம். பூசாரி மந்திரித்த கயிறு கட்டி, தீர்த்தம் கொடுத்தார். அழகையா சட்டைப் பையில் இருந்து அந்த நேரத்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, பூசாரியின் தீர்த்தத்தாலேயே விழுங்கினார். மருந்து நேரம் தப்பாமல் குடிக்கிறாரே என்று பக்கத்தில் நின்ற எனக்குச் சந்தோஷம்தான்.

படையலுக்குப் பிறகும் அவள் வருவது நிற்கவில்லை. எப்படி நிற்கும்?

அந்தச் சமயத்தில் விஜயலெட்சுமி தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்தாள். டாக்டர் அவளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார், அப்பாவை உடனே வரச் சொல்லி. அழகையா, கருப்பம்மா, நான், மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழியில் ஆமிக்காரர்கள் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள், யுத்தக் காலம் அப்படி. அழகையா ஜன்னல் பக்கம் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அன்று வழக்கத்தை விட நிறையப் பேசினார். "உந்த மாத்திரையைப் பற்றி வெளிநாட்டில எச்சரிக்கை விட்டிருக்கினம். குடிச்ச சில பேருக்கு மனம் குழம்பியிருக்கு. சிலர் தங்கட உயிரையே எடுக்கப் பார்த்திருக்கினம். மாத்திரையாலதான் எண்டு இன்னும் முடிவாச் சொல்லேல்லை. எல்லாருக்கும் வராது. ஆருக்கு வரும் எண்டு முன்கூட்டிச் சொல்லவும் ஏலாது. அதுதான் நான் எழுதிக் குடுத்த எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கிறன். உங்களுக்கு மனம் சோருதோ? கோபம் வருதோ? கனவுகள் ஏதும் வருதோ?"

கனவு என்றதும் அழகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்லீங்க. நல்லாத் தூங்குறேங்க. பீடியும் விட்டுருச்சுங்க" என்றார். எவ்வளவு பவ்வியமான பொய்! எனக்கே நம்பலாம் போலிருந்தது.

கருப்பம்மாவுக்குத் தாங்கவில்லை. "கனவு இல்லையா? ஐயா, எங்கக்கா தெனம் வந்து நிக்கிறா! இவரு அவ பின்னாலேயே பாறைக்குப் போயிட்டாரு. நாந்தான் இழுத்தாந்தேன். படையல் போட்டோம், கயிறு கட்டினோம், ஒண்ணுக்கும் கேக்கல" என்று கொட்டிவிட்டாள். டாக்டரிடம் போய்க் கனவைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று முதல்நாள்தான் எனக்கு உபதேசம் பண்ணியிருந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கையை நீட்டி மாத்திரைப் பெட்டியைக் கேட்டார். அழகையா சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். எடுத்துக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. கடைசியில் கருப்பம்மாதான் எடுத்து மேசையில் வைத்தாள்.

மாத்திரை நின்றது. கொஞ்ச நாளில் கனவும் நின்றது. எங்கள் பழைய அழகையா மெதுவாகத் திரும்பி வந்தார். சோறு தின்றார், கருப்பம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவள் விறகைப் பிளந்து கொடுத்தார், தட்டை வீசின கையை நினைத்து வெட்கப்பட்டார். பாறைப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போனார். ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். காலையில் எழுந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசி பஸ்ஸும் வந்து, அதிலும் எதிர்பார்த்த ஆள் இறங்காவிட்டால் ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். கருப்பம்மாவும் வாசலில் போய் நின்று கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் அவளே சொன்னாள், "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ?" என்று. "மூடியிருந்தா இப்ப ரெண்டு பேருக்குப் படையல் போடணும்" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் லயத்துப் பின்பக்கம் பீடி வாடை அடித்தது. போய்ப் பார்த்தால் அழகையா. ஒன்று முடிய இன்னொன்று, கண்ணில் தண்ணீர் வர இருமிக்கொண்டே இழுக்கிறார். ஆசையாய்க் குடிக்கிறவர் முகம் இல்லை அது, கஷாயம் குடிக்கிறவர் முகம்.

"என்னண்ணே இது? உசிரோட வெளையாடுறீங்களா?"

"சும்மா இரு சகல. இன்னிக்கு டாக்டர்கிட்ட போறேன். நீயும் வா."

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சட்டைப் பையில் இருந்து பீடிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பி காட்டுகிற மாதிரி. "ஐயா, மறுபடியும் குடிக்கிறேங்க. முன்னைய விடக் கூட. விட முடியலைங்க. அந்த மாத்திரையையே குடுங்க" என்றார்.

சிவசுப்பிரமணியம் டாக்டர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"கனவுக்காகவோ?"

அழகையா தலையை ஆட்டினார். "ஒரே ஒருக்காங்க. ஆஸ்பத்திரியில அவ எதையோ சொல்லக் கூப்பிட்டிருக்கா. நான் வெளிய பீடி குடிச்சிக்கிட்டு நின்னேன். இப்ப சொல்லத்தாங்க வாறா. வாயெடுத்திட்டா. இன்னும் கொஞ்சம் மாத்திரை இருந்திருந்தா சொல்லியிருப்பா. சகலைய ராவும் பகலும் பக்கத்துல உக்கார வச்சிக்கிறேன். கால வேணும்னாலும் கட்டிப் போட்டுக்கிறேங்க."

டாக்டர் பீடிக் கட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, நான் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார். "அண்ணை, நான் சொல்லுறதைக் கோவிக்காமல் கேளுங்கோ. அந்த மாத்திரைக்கு உங்கட மனுசியைத் தெரியாது. குடமும் நரைமுடியும் உங்கட மனசுக்குள்ள இருந்தது, அதைத்தான் காட்டினது. அவ கடைசியாச் சொல்ல நினைச்சது உங்களிட்ட இல்லை. உங்களிட்ட இல்லாததைக் கனவு எங்க இருந்து எடுத்துச் சொல்லும்? வருசக்கணக்கா மாத்திரை குடிச்சாலும் அவ வாயெடுப்பா. அவ்வளவுதான்."

இந்தப் படித்த மனுஷன் இவ்வளவு முகத்தில் அடித்த மாதிரியா சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அழகையா அழுதுவிடுவார் என்று நினைத்து அவர் தோளைப் பிடித்தேன். அவர் அழவில்லை.

"அது எனக்கும் தெரியுங்க" என்றார் மெதுவாக. "சொல்லாட்டியும் பரவாயில்லைங்க. கொடத்தக் கீழ வச்சிட்டு, எனக்குன்னு வாயெடுக்கிறா பாருங்க. அதப் பாத்தாப் போதுங்க."

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. பணமும் வாங்கவில்லை. வாசல் வரை கூட வந்தார். அழகையா பீடிக் கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தார். அதற்கு இனி என்ன வேலை? நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல சனம். எப்படியோ இரண்டு இடம் பிடித்தேன். பதுளை தாண்டுவதற்குள் அழகையா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் மேல் இன்னும் பீடி நாற்றம் அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் உதடு லேசாக அசைந்தது, புருவம் சுருங்கியது, யாரோ பேசுவதை உற்றுக் கேட்கிற மாதிரி. மாத்திரை நின்று எவ்வளவோ நாளாயிற்று. இருந்தாலும் யார் கண்டார்கள்? தோள் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

ஹாலிஎலை வந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் இறங்கிக்கொண்டே, "எறங்கலையா?" என்று சத்தம் போட்டார்கள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். பஸ் மறுபடியும் கிளம்பியது. கண்டக்டர் வந்து குனிந்தபோது, அடுத்த ஊர் தெமோதரை வரைக்கும் இரண்டு டிக்கட் தரச் சொல்லிக் குசுகுசுத்தேன்.